பிளெஸ்ஸிக்கு வராத வேலை

“பிளெஸ்ஸி பொண்ணுகிட்டதான் தம்பி மொதல்ல கொண்டுபோனேன். ஒரு நாள் வச்சுப் பாத்துட்டு, எனக்கு வரலைண்ணே, எதுத்தாப்ல செம்மல் அண்ணன்கிட்ட குடுங்கன்னு அனுப்பிருச்சு.”

பத்திர எழுத்தர் நாகராசு தன் பழைய கம்ப்யூட்டரை மேசைமேல் இறக்கி வைத்துவிட்டு இப்படிச் சொன்னதும், செம்மலுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

ஆவுடையார்கோவில் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்றால் செம்மல்தான். அது போன வருஷம் வரைக்கும். எதிரே கண்ணாடிக் கதவும் ஏ.சி.யுமாக பிளெஸ்ஸி கடை போட்டாள். அதோடு சரி.

அந்தக் கதவுக்கு வெளியே கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே உள்ளே யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவான் செம்மல். அத்தனையும் அவன் கடை வாசலில் கிடந்த செருப்புகள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தாலும் கண் அங்கேதான் போகும். சோறு இறங்காது.

“கடையை மூடப்போறீங்களாமே? அந்தப் பொண்ணு ரொம்ப விசாரிச்சுச்சு” என்றார் நாகராசு.

அறந்தாங்கிப் பக்கம் வேலைக்குப் போய்விடலாமா என்று டீக்கடையில் ஒருநாள் புலம்பியிருந்தான். அது அவள் காதுவரைக்கும் போய்விட்டதா?

“நான் மூடுனா அவளுக்குக் கொண்டாட்டந்தானே. கேக்கத்தான் செய்வா” என்றான்.

நாகராசு ஏதோ சொல்ல வந்தார். செம்மல் காது கொடுக்கவில்லை. என்ன கோளாறு என்று மட்டும் கேட்டான். விண்டோஸ் ஓ.எஸ். புதிதாகப் போட வேண்டுமாம். போட்டால் பாதியில் நின்று, தானே அணைந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறதாம். உள்ளே இருந்த பத்திரங்களை எல்லாம் பிளெஸ்ஸி பென்டிரைவில் எடுத்துக் கொடுத்துவிட்டாளாம்.

“அதாச்சும் தெரிஞ்சிருக்கே” என்றான் செம்மல்.

நாகராசு அந்தப் பக்கம் போனதும் முதல் வேலையாக போனை எடுத்தான். கடைத்தெருக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்பினான். கண்ணாடிக் கதவு போட்டுவிட்டால் தொழில் வந்துவிடாது, சிலபேர் கையைவிட்டுக் கெடுத்த மிஷினை எல்லாம் நாம்தான் சரி பண்ண வேண்டியிருக்கிறது, சாமான் கொடுக்கிறவர்கள் யோசித்துக் கொடுங்கள் என்று. பேர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் பிளெஸ்ஸியே பதில் போட்டாள்.

“உண்மைதாங்கண்ணே. எனக்கு அது வரலை. பழைய மிஷினுக்கெல்லாம் நம்ம ஊர்ல செம்மல் அண்ணன் கைதான்.”

செம்மல் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். ஜெராக்ஸ் கடை ரெங்கராஜ், தன்னிடமும் ஒரு பழைய பெட்டி கிடக்கிறது, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று கீழே போட்டிருந்தார். உரக்கடையிலிருந்தும் ஒருவர் கேட்டிருந்தார். வெகுநாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் டிபன் பாக்ஸ் காலியானது.

ஆனால் கம்ப்யூட்டர் அவனுக்கும் மசியவில்லை.

பாதிவரை ஏறும். நீலத் திரை வரும். அணையும். பென்டிரைவை மாற்றினான். ஒயரை மாற்றினான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறொன்று போட்டுப் பார்த்தான். அதே இடம், அதே நீலம். ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று. இப்போது தனக்கும் வரவில்லை என்றால், எதிரே இருக்கிறவள் சிரிக்க மாட்டாளா? ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தும் வியர்த்தது. அவளே வேண்டுமென்று உள்ளே எதையாவது நோண்டி அனுப்பியிருப்பாளோ என்றும் ஒரு நினைப்பு ஓடியது.

சாயங்காலம் நாகராசு வந்துவிட்டார். செம்மல் அவர் முகத்தைப் பார்க்காமல் ஸ்டூலைத் தள்ளிப் போட்டான். கடைசியாக ஒன்று தோன்றியது. உள்ளே ராம் என்கிற மெமரிக் குச்சிகள் இரண்டு இருந்தன. ஒன்றைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஒன்றோடு மட்டும் ஓடவிட்டான்.

பாதியைத் தாண்டியது. நிற்கவில்லை. மளமளவென்று ஏறி முடிந்து, புதுத் திரை பளிச்சென்று வந்தது.

செம்மல் நிமிர்ந்து உட்கார்ந்தான். எதிர்க்கடைக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தியே பேசினான்.

“படிச்சுட்டு வந்துட்டா மட்டும் போதாதுண்ணே. அனுபவம் வேணும். அவ மாசம் பூரா வச்சிருந்தாலும் இது அவளுக்குப் பிடிபட்டிருக்காது.”

நாகராசு மேசையில் கிடந்த ராமைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“அதான் தம்பி எனக்கும் வெளங்கல. காலையிலயே சொல்ல வந்தேன், நீங்க கேக்கல. என் மச்சினன் மிஷினும் இதேதான், ரெண்டு பேரும் ஒண்ணா வாங்குனோம். அதுக்கும் இதே சீக்குத்தான். போன வாரம் அந்தப் பொண்ணுகிட்ட குடுத்தோம். இந்தா, இதே மாதிரி ஒரு குச்சியக் கழட்டிப் போட்டுட்டு, நான் டீ குடிச்சுட்டு வாரதுக்குள்ள முடிச்சுக் குடுத்துருச்சு. என்னோடதுக்கு மட்டும் ஏன் வரலைன்னு அனுப்புச்சு?”