அணிலம்மா கலக்கிய கொட்டைகள்

மழை எந்நேரமும் வரலாம் போலிருந்தது. கூட்டிலோ பெரிய ஓட்டை. அதை அடைக்கலாம் என்று தேங்காய் நாரோடு உட்கார்ந்த அணிலம்மாவின் வாலைப் பிடித்துக் குட்டிகள் இரண்டும் தொங்கின.

"இருங்க, உங்களுக்கு ஒரு வேலை வைக்கிறேன்!"

அணிலம்மா மரத்தடிக்கு இறங்கினாள். ஒரு கொட்டாங்கச்சியில் புளியங்கொட்டை, வேப்பங்கொட்டை, பாட்டில் மூடி எல்லாவற்றையும் போட்டுக் கலக்கினாள். பக்கத்தில் மூன்று இலைகளை விரித்தாள்.

"அததை அதது இலையில பிரிச்சு வைக்கணும். விளையாட்டுக்கு விளையாட்டு, படிப்புக்குப் படிப்பு!"

மூத்தவன் ஒரு புளியங்கொட்டையை எடுத்து மூடிக்குள் வைத்தான்.

"ஐயோ, அப்படி இல்லடா!"

சின்னவள் ஒரு வேப்பங்கொட்டையை உருட்டிவிட்டாள்.

"உருட்டறதுக்கா குடுத்தேன்? தள்ளு, நான் காட்டறேன்."

காட்ட உட்கார்ந்தவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பெரிய கொட்டை ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம். அதிலும் கறுப்பு தனி, பழுப்பு தனி! இலை போதாமல் ஓடிப்போய் இன்னும் நாலு பறித்து வந்தாள். அடடா, வரிசை என்ன அழகு!

மூக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. கூடு! அணிலம்மா பதறிப்போய் மரத்தில் தாவி ஏறினாள்.

ஓட்டையைக் காணோம். அந்த இடத்தில் தேங்காய் நார் கோணல்மாணலாகத் திணித்திருந்தது. உள்ளேயிருந்து சின்னவளின் குரல் கேட்டது.

"மழை வந்துடுச்சே அண்ணா, அம்மாவைக் கூப்பிடட்டுமா?"

"உஷ், கூப்பிடாதே. இன்னிக்குத்தான் நம்மளைப் படுத்தாம சமத்தா விளையாடிக்கிட்டு இருக்காங்க."