இனிப்பா, காரமா?

"வேலை நிரந்தரமாயிடுச்சுன்னு ஆபீசுல எல்லாரும் பலகாரம் கேக்குறாங்க. இனிப்பு வாங்கட்டுமா, காரமா?" என்று சைக்கிளில் ஏறும்போது மருதமுத்து கேட்டார்.

"சாயந்திரம் யோசிச்சுச் சொல்றேன். போயிட்டு வாங்க" என்றாள் ரெங்கம்மாள்.

தெப்பக்குளத்து மிட்டாய்க்கடையில் நின்றபோதும் அவளுக்கு அதே யோசனைதான்.

"ஆபீசுக்குன்னா லட்டுதாம்மா எடுப்பாங்க" என்றார் கடைக்காரர்.

அவள் லட்டுத் தட்டைப் பார்த்தாள். இனிப்பு கொடுத்தால் என்ன நினைப்பார்கள்? கொடுக்காவிட்டால் மட்டும் சும்மா இருப்பார்களா?

"காராசேவே கட்டுங்க."

ஆபீசில் தலைமை குமாஸ்தா ரத்தினவேல் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். காராசேவைக் கண்டதும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். மொத நாள் வெறுங்கையோட வரக்கூடாதேன்னு வாங்கினேன். அவர் போயி ஆறு மாசந்தான் ஆச்சு. அவரோட வேலையில நான் சேர, இனிப்போட எப்படிங்க வருவேன்?"

"அதில்லம்மா" என்றார் ரத்தினவேல். "கடைசியா வந்த அன்னிக்கு மருதமுத்து எங்ககிட்ட சொன்னாரு. 'வீட்ல கேட்டிருக்கேன், காரம்னுதான் சொல்லுவா பாருங்க'ன்னாரு."

மருதமுத்து சொன்னது சரிதான். அன்று சாயந்திரம் ரெங்கம்மாள் அவரிடம் சொல்ல முடியாமல் போன பதில்தான் இப்போது ரத்தினவேல் கையில் இருந்தது.