தென்னைகளுக்கு அடுத்து

ஆவணக் காப்பகத்தில் வேதவல்லிக்கு எதிரே உட்கார்ந்திருந்த மாசிலாமணியும் அவள் ஊர்க்காரர்தான். அவரும் தன் முன்னோரைத் தேடித்தான் வந்திருந்தார்.

"எங்க மூத்த பாட்டன் மூக்கன், அவரு பொஞ்சாதி சிலம்பாயி. இந்த ரெண்டு பேருதாங்க வாய்வழியா வந்திருக்கு. எழுத்துல எங்கயுமே இல்ல. நெலம் இருந்தாத்தானே பத்திரம் இருக்கும்?" என்று சிரித்தார்.

அவள் கேட்டிருந்த பத்திரம் வந்தது. கும்பினி ஆட்சியில் அவளுடைய தாத்தாவின் தாத்தா எழுதி வாங்கிய சொத்து: நஞ்சை இரண்டு வேலி, கிணறு ஒன்று, தென்னை பதினொன்று. அடுத்த வரிதான் கடைசி. மூக்கன், அவன் பெண்சாதி சிலம்பாயி, இனி அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள்.

வேதவல்லி அந்த வரியை உள்ளங்கையால் மூடினாள்.

"கெடச்சிருச்சாம்மா?" அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

தாள் சுருண்டுகொண்டே இருந்தது. "குடுங்க, நான் புடிச்சுக்கறேன், போட்டோ எடுத்துக்குங்க" என்று எழுந்தவர், எழுத்து அவள் பக்கம் தெரியும்படி அதைத் தன் மார்புக்கு நேராக விரித்துப் பிடித்தார். கைபேசித் திரையில் கிணறு தெரிந்தது, தென்னைகள் தெரிந்தன. கடைசி வரியின் மேல் அவருடைய விரல்கள் இருந்தன.

"பேரெல்லாம் நல்லா விழுவுதாம்மா?"

"விழுதுங்க" என்று சொல்லிப் படம் எடுத்தாள்.