மூன்று பல்

அண்ணன் இறந்து நாற்பது நாளாகக் கார் நகரவே இல்லை. அது கண்ணில் படாமல் ஒழிந்தால் போதுமென்று, மெக்கானிக்கான தம்பி அதை விற்குமுன் சரிபார்க்கப் பின்சக்கர பிரேக் டிரம்மைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஹேண்ட் பிரேக் ஏறியிருந்தால் டிரம் வராது. இருமுறை இறக்கியும் அது ஏறியே இருந்தது, அண்ணன் வழக்கமாக லீவரை இழுத்து, பல்லுக்கு ஒரு ‘டக்’ என்று ஏற்றும் அதே மூன்று பல்.

“சொல்லாம கொள்ளாம போயிட்டு, இதை மட்டும் விடமாட்டேங்கறாரு பாருங்க அண்ணி.”

மறுபடி இறக்கினான். காரைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சுத்தியலால் ஓங்கி அடித்தான். காருக்குள் டக், டக், டக் என்று கேட்டது.

அண்ணி காலியான ஓட்டுநர் இருக்கைப் பக்கக் கண்ணாடியருகே குனிந்தாள். “உங்க தம்பி கோவக்காரன்னு தெரியும்ல? விட்டுக்குடுங்க.”

டிரம் கழன்று அவன் மடியில் விழுந்தது. நெடுந்தூரம் ஓடிவந்து இப்போதுதான் நின்றதுபோல் கொதித்தது.