விளக்கு ஏறாத படம்

கடலுக்குப் போய்த் திரும்பாத தேசிங்கின் படத்துக்குக் கணினியில் மாலை போட்டு, கீழே விளக்கை வைக்கப் போகும்போதெல்லாம் ஸ்டூடியோவின் திரை கறுத்துவிட்டது. மீண்டு வரும்போது மாலையும் இருக்காது. நீலச் சட்டையில் அவன் சிரித்துக்கொண்டிருப்பான்.

“திரையில படம் காட்டுற சாப்ட்வேர், கிராபிக்ஸ் கார்டு டிரைவர், பழசுக்கா,” என்றான் ஸ்டூடியோக்கார ரியாஸ். “போட்டோ வேலைக்குன்னே புதுசா ஒண்ணு வந்திருக்கு. அதப் போட்டா நிக்காம ஓடும்.”

“அவருக்கு இஷ்டமில்ல தம்பி,” என்றாள் தேசிங்கின் மனைவி பூங்காவனம். “ஊருக்குத்தான் மாலை போட அவசரம்.”

ரியாஸ் மறுபடி மாலையை எடுத்து வைக்கப் போனான்.

“மாலையில்லாம சின்னதா ஒண்ணு எடுத்துக் குடு. மத்த துறைமுகத்துலயும் காட்டிக் கேக்கணும்.”

அச்சிட்டுக் கொடுத்தான். திரையோரத்தில் ஒரு சிறு பெட்டி மின்னியது.

“அது என்ன கேக்குது?”

“புது டிரைவர இப்பவே போடவா, அப்புறம் போடவான்னு கேக்குதுக்கா.”

அவள் படத்தின் ஈரத்தை ஊதி ஊதி உலர்த்தினாள்.

“அப்புறம்னு சொல்லு.”