இவரைக் கட்டுப்படுத்தாது

நீதிபதி கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார்.

அவள் நின்றுகொண்டிருந்தாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை.

திருச்சி குடும்ப நீதிமன்றம். காலை பதினொன்றரை மணி. பின் பெஞ்சில் அப்பா, கைகளை முழங்காலில் ஊன்றியபடி. அவளுக்குப் பக்கத்தில் வழக்கறிஞர் மும்தாஜ்.

இந்த ஒரு பக்கத்துக்காக நான்கு வருடம்.

தம்பி கல்யாணத்துக்கென்று அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார்கள், அவளும் கணவன் அமலும். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் அமல் மட்டும் கிளம்பினான்.

“நீ ஒரு மாசம் வீட்ல இருந்துட்டு வா” என்றான்.

நல்ல மனசு என்றாள் அம்மா.

அவள் திரும்பிப் போகவேண்டிய நாளில், விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். மறுபடியும் கணினியைப் பார்த்தாள்.

“உங்க டிக்கெட் கேன்சல் ஆகியிருக்கு மேடம்.”

அமல் போனை எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் எடுக்கவே இல்லை.

எட்டாம் மாதம் கூரியரில் ஓர் உறை வந்தது. உள்ளே விவாகரத்துத் தீர்ப்பு. அங்கே வழக்குப் போட்டு, அங்கேயே வாங்கியிருந்தான். காரணமும் எழுதியிருந்தது. மனைவி தன் விருப்பப்படி கணவரைப் பிரிந்து இந்தியா சென்றுவிட்டார்.

தன் விருப்பப்படி.

வாசல் கதவைச் சாத்தக்கூட மறந்து அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அமெரிக்கா கோர்ட்டே சொல்லிருச்சு. நாம என்னம்மா பண்ண முடியும்?” என்றார் அப்பா. ரயில்வே பணிமனையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். முத்திரை விழுந்த காகிதத்தை அவர் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

முதலில் பார்த்த இரண்டு வக்கீல்களும் அதையே சொன்னார்கள்.

மூன்றாவதாகப் பார்த்தவர்தான் மும்தாஜ்.

“சம்மன் உங்க கைக்கு வந்துச்சா?”

“எதுவுமே வரல மேடம். இந்தக் கவர்தான் வந்துச்சு.”

மும்தாஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “அப்ப முதல்லேருந்து சொல்லுங்க.”

அந்தத் தீர்ப்பு செல்லாது என்று திருச்சியில் வழக்குப் போட்டார்கள். ரத்தப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். வாய்தா நாட்களில் அரை நாள் லீவு. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது, எப்போ கிளம்புறே என்று கேட்டவர்கள் மெல்லக் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றாம் வருடம் அமல் விசாரணைக்கு வந்தான். திரையில்.

நன்றாக இருந்தான். பின்னால் ஒரு புதுச் சோபா.

மும்தாஜ் குரலை உயர்த்தவில்லை.

“சம்மனை எந்த அட்ரஸுக்கு அனுப்பச் சொன்னீங்க?”

“எங்க வீட்டு அட்ரஸுக்கு.”

“எந்த வீடு?”

“இங்கதான். நான் இருக்கற வீடு.”

“அப்ப உங்க மனைவி எங்க இருந்தாங்க?”

அவன் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நீதிமன்ற ஊழியர் எழுந்து போய் ஸ்பீக்கர் ஒயரைத் தொட்டுப் பார்த்தார்.

ஒயரில் கோளாறு இல்லை.

“திருச்சியில” என்றான் அமல்.

“அது அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்?”

“தெரியும்.”

நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. பேனா நகர்வதைப் பார்த்தாள்.

இன்று அவர் எழுதியதை அவரே படிக்கிறார்.

உண்மையை மறைத்துப் பெறப்பட்ட அந்த விவாகரத்து செல்லாது. அது மனுதாரரைக் கட்டுப்படுத்தாது. மனுதாரர் கணவரைப் பிரிந்து செல்லவில்லை. கணவரால் விட்டுச் செல்லப்பட்டார்.

யாரோ இருமினார்கள். அடுத்த வழக்கை அழைத்தார்கள்.

மும்தாஜ் அவள் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தார்.

வெளியே வராந்தாவில் அப்பா கண்களைத் துடைத்துக்கொண்டார். நான்கு வருடத்தில் முதன்முறையாக அவர் குரல் எழும்பியது.

“நீ ஜெயிச்சுட்டேம்மா ஜெசி! இனி அவன் வந்துதானே ஆகணும்? பங்குச் சாமியார விட்டுப் பேசச் சொல்றேன். மரியாதையா வந்து கூட்டிட்டுப் போகட்டும்.”

அவள் அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பிறகு மும்தாஜிடம் திரும்பினாள்.

“மேடம், அந்த இன்னொரு ஃபைல்.”

“இன்னிக்கேவா?”

“இன்னிக்கேதான்.”

மனுத் தாக்கல் பிரிவில் இருந்தவர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஏம்மா, விவாகரத்து செல்லாதுன்னு இப்பதானே தீர்ப்பு வாங்குனீங்க? இதுல நீங்களே விவாகரத்து கேட்டிருக்கீங்க!”

“ஆமா சார். அது அவரு பொய் சொல்லி வாங்குனது. இதுல நடந்தது நடந்தபடி இருக்கு.”

அவர் அவளைத் தாண்டி அப்பாவைப் பார்த்தார்.

அப்பா கை நீட்டினார். காகிதங்களை வாங்கிக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

நின்ற இடத்திலேயே படிக்க ஆரம்பித்தார்.

ஒரு பக்கம். இரண்டாவது பக்கம். விமான நிலையம் வந்த இடத்தில் அவர் விரல் நின்றது. அந்த நாளைப் பற்றி அவள் வீட்டில் ஒருபோதும் இவ்வளவு சொன்னதில்லை.

பின்னால் வரிசை நீண்டது.

மூன்றாவது பக்கம். அடியில் மகளின் கையெழுத்து.

காகிதங்களை ஒன்றாகச் சேர்த்து, ஓரம் தட்டி, மேசைமேல் வைத்தார்.

“கேஸ் நம்பர் போடுங்க சார்.”