எல்லையில் வேப்பிலை

“உள்ள வாரதுன்னா தாராளமா வாங்க. ஆனா வந்தவுக உடனே திரும்பிப் போக முடியாது, பாத்துக்கங்க.”

காருக்குள் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓட்டி வந்தவர் தலையை வெளியே நீட்டி மேலே பார்த்தார். சாலையின் குறுக்கே, பனைக்குப் பனை இழுத்துக் கட்டிய கயிற்றில் வேப்பிலை தொங்கியது. நடுவில் ஒரு மஞ்சள் துணி.

“அடடா, காப்புக் கட்டியாச்சா? தெரியாம வந்துட்டோம் தலைவரே!”

ஊர்த் தலைவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கார்க்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

பக்கத்தில் நின்ற சுகாதார ஆய்வாளர் பொற்கொடிக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை.

கொரோனா இரண்டாவது அலை ஏறிக்கொண்டிருந்த சித்திரை மாதம் அது. பெரிய கடற்கரைகளையெல்லாம் சனி, ஞாயிறு மூடிவிட்டார்கள். ஊர் சுற்றுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? மணமேல்குடிக்குத் தெற்கே இருக்கும் இந்த மீனவக் கிராமத்தின் மணல்திட்டை யாரோ வீடியோ எடுத்துப் போட, அத்தனை வண்டியும் இங்கே திரும்பிவிட்டது. ஊருக்குள் இதுவரை ஒருவருக்கும் நோய் இல்லை. தாலுகா ஆஸ்பத்திரியிலோ ஒரு படுக்கைகூடக் காலி இல்லை. இன்றைக்குக் கூட்டம் உள்ளே போய்விடக் கூடாது என்றுதான் பொற்கொடி ஊர் எல்லையிலேயே வந்து நின்றாள்.

பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து அவளைப் போன வாரம்தான் கடற்கரை வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். இந்த ஊருக்கு இன்றுதான் வருகிறாள். துணைக்கு வருவதாகச் சொன்ன போலீஸ்காரர்கள் வரவில்லை. தனியாகத் தடுத்தால் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். போன வாரம் இன்னொரு கரையில் ‘அனுமதி இல்லை’ என்று அவள் நட்ட பலகையில் ஈரத்துண்டைக் காயப்போட்டுவிட்டு ஜாலியாகக் குளித்தார்கள். கேட்டதற்கு, “போர்டு நல்லா ஸ்ட்ராங்கா இருக்கு மேடம்” என்று பாராட்டு வேறு.

அடுத்து ஒரு வேன் வந்தது. உள்ளே நிறைய இளைஞர்கள், காதைக் கிழிக்கும் பாட்டு. ஒருவனும் மாஸ்க்கை ஒழுங்காகப் போட்டிருக்கவில்லை.

“தம்பி, பீச்சுக்கு அனுமதி இல்லைப்பா” என்றாள் பொற்கொடி.

“யாருக்கா நீங்க? தள்ளி நில்லுங்க!”

தலைவர் கையை மட்டும் மேலே காட்டினார்.

“டேய், பாட்ட நிறுத்துறா!” என்று அலறினான் முன்சீட்டுக்காரன். “காப்புக் கட்டுன ஊருடா. எங்க சித்தப்பா இப்படித்தான் தெரியாமத் தங்கிட்டு, திருவிழா முடிஞ்சப்பறந்தான் எல்லையத் தாண்டுனாரு. ரிவர்ஸ் எடு, ரிவர்ஸ் எடு!”

ஒருவன் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டான். தாடையில் தொங்கிய மாஸ்க்கை அவனாகவே மூக்குக்கு ஏற்றிக்கொண்டான்.

பொற்கொடிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அரசு உத்தரவு, அபராதம், ஜீப் சைரன் எதற்கும் அசையாத கூட்டம் ஒரு பிடி இலைக்கு அடங்கி நின்றது.

“ஊர்க்காரங்களும் வெளிய போறதில்லையா தலைவரே?”

“போறதில்லம்மா. மீன்பிடி தடைக்காலந்தானே, போட்டெல்லாம் கரையிலதான் கெடக்கு. அரிசி, பருப்பு இந்த எல்லையிலயே எறக்கி வச்சுட்டுப் போயிருவாக. வெளியூர்லேர்ந்து எங்க புள்ளைகளே வந்தாலும் ஸ்கூல்ல தனியா இருந்துட்டுத்தான் வீட்டுக்கு வரணும். ஊரே கூடி எடுத்த முடிவு.”

ஆத்தா காரியம் என்றால் இப்படித்தான் கட்டுப்பாடாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள் பொற்கொடி. துண்டால் வாயையும் மூக்கையும் மூடியிருந்த தலைவரின் நெற்றியில் திருநீறு இல்லை. வெயிலில் வியர்த்து அழிந்திருக்கும்.

பொழுது சாயும்வரை ஒரு வண்டிகூட உள்ளே போகவில்லை. தூரத்து மணல்திட்டு முழுக்க நாரைகள் உட்கார்ந்திருந்தன. ஒரு மனிதக் காலடி படாத கரையைப் பார்க்கப் பார்க்கப் பொற்கொடிக்குக் கண் கலங்கியது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

“கோயில் எங்கிட்டுங்க தலைவரே? இப்பேர்ப்பட்ட சக்தியக் கும்பிடாமப் போனா மனசு ஆறாது.”

“உள்ள வந்தா நீங்களும் திரும்பிப் போக முடியாதும்மா” என்று சிரித்தார் அவர். “இப்படி இந்தச் சவுக்குமரம் ஓரமா வந்து நின்னு பாருங்க, இங்கிருந்தே தெரியும். வேப்பிலை மட்டும் பக்கத்து ஊரு பூசாரி பெரியகருப்பன் அண்ணன் கட்டி விட்டது. ‘எங்க ஆத்தா ஒங்களுக்கும் காவல் நிக்கட்டும்’னு அவரே தேடி வந்து கட்டுனாரு.”

“அப்ப இந்த ஊரு ஆத்தா?”

பொற்கொடி சவுக்குமரத்தின் ஓரமாக வந்து எட்டிப் பார்த்தாள். தோப்புக்கு அப்பால் வெள்ளைக் கோபுரத்தின் உச்சியில் சிலுவை தெரிந்தது.

“எங்க ஊருல இருக்கறது இந்த மாதா கோயில் ஒண்ணுதாம்மா” என்றார் ஊர்த் தலைவர் சார்லஸ்.